தோற்ற தூதும் தோலாத தூதரும்

தூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவப் பெருந்தகை. அவ்வதிகாரத்தைப் பயிலுந்தோறும் நம் நினைவில் எழுபவர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஆவார். அவர் ஏற்ற தூது தோற்றது, தூதரோ தோற்கவில்லை.

1726 இல் பிரஷ்ய நாட்டில் பிறந்த சுவார்ட்ஸ், ஹாலே நகரில் கற்குங்காலத்திலேயே தமிழ் பயிலத் தொடங்கினார். 1750 இல் தரங்கம்பாடி வந்திறங்கிய இந்த லூத்தரன் போதகர், பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் ஆங்கிலப் படையினரின் குருவாகவும் விளங்கினார். மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் அவருக்குக் கைவந்தன.

1779 இல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு, ஹைதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிந்து, கம்பெனி அமைதியையே நாடுவதாக உணர்த்தி வருமாறு அவரை அனுப்பினார். நம் நல்லம்பள்ளி அடங்கிய பாரமகாலும் அந்நாளில் ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. கரூர், சத்தியமங்கலம், கஜலஹட்டிக் கணவாய் வழியே சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டினம் சேர்ந்தார்.

ஹைதர் அலி அவரை அருகமர்த்தி அளவளாவினார். எழுதப் படிக்க அறியாத அவ்வேந்தரின் நினைவாற்றலும், பல சமயத்தாரும் பணிபுரிந்த அரசவையும் போதகரை வியப்பில் ஆழ்த்தின. அங்கிருந்த ஐரோப்பிய வீரர்களுக்குத் தடையின்றி வழிபாடும் நடத்தினார்.

எனினும் அமைதி கிட்டவில்லை. 1769 உடன்படிக்கையில் உறுதியளித்த உதவியை, மராட்டியர் படையெடுத்தபோது கம்பெனி வழங்கவில்லை. தூது புறப்படுமுன்னரே மாஹேயையும் கைப்பற்றியிருந்தது. அனுப்பியவர் சொல்லில் வாய்மை இல்லாதபோது, சென்றவர் வாய்மை என் செய்யும்? 1780 இல் போர் மூண்டது.

ஆயினும் போதகருக்கு இடையூறு செய்யலாகாது என ஹைதர் அலி தம் படையினர்க்கு ஆணையிட்டார். பகைமையிலும் பண்பு பேணிய பெருந்தன்மை அது! தஞ்சைக் கோட்டை பசியால் வாடியபோது, கம்பெனியை நம்பாத உழவர்கள் சுவார்ட்ஸின் சொல்லை நம்பி நெல் கொணர்ந்தனர். அவரும் விலையைத் தவறாது வழங்கினார். பசித்தோர்க்கு உணவளித்தார். ஹைதர் அலி வழிச்செலவுக்கென அளித்த 300 ரூபாயையும் தமக்கெனக் கொள்ளாது, ஆதரவற்ற சிறார் கல்விக்கு முதலாக்கினார்.

1798 பிப்ரவரி 13 இல் அவர் மறைந்தார். அவரது அரவணைப்பில் வளர்ந்த சரபோசி மன்னர் தஞ்சைத் தேவாலயத்தில் சலவைக்கல் நினைவுச்சின்னம் எழுப்பினார்.

ஒப்பந்தங்கள் கிழிந்து போகலாம். ஒருவர் ஈட்டிய நம்பகம் கிழிவதில்லை. சமயத்தால் வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் மதித்த இவ்வரலாற்றை நம் மாணவச் செல்வங்கள் நெஞ்சில் நிறுத்துவார்களாக!