மைரன் வின்ஸ்லோ ஐயர்

தமிழ் பயில்வோர் அடிக்கடி புரட்டும் நூல்களுள் வின்ஸ்லோ அகராதி ஒன்றென்பது யாவரும் அறிந்ததே. அதனைக் கையாள்வோர் பலர். ஆக்கிய பெரியார் எந்நாட்டினர், எக்கொள்கை பற்றி இந்நாடு போந்தார் என வினவுவோர் மிகச் சிலர். அவர் நிறுவிய மிஷன் நம் இராயபுரத்திலும் நிலையங்கொண்டு விளங்கியதென்பதும் இன்று இப்பகுதியினர்க்கே மறந்துபோயிற்று. ஆதலின் அவர்தம் சரிதையை எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வட அமெரிக்காவில் வெர்மாண்ட் என்னும் மலைநாட்டில், வில்லிஸ்டன் என்ற ஊரில், 1789-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ஆம் நாள் மைரன் வின்ஸ்லோ பிறந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதும் அவ்வாண்டே. ஆயினும் வெர்மாண்ட் அப்போது ஐக்கிய நாடுகளிற் சேர்ந்திலது. 1777 தொடங்கித் தனியரசாகவே நின்று, 1791-இலேதான் பதினான்காம் மாகாணமாய் அது இணைந்தது. அம்மக்கள் 1777-இல் வகுத்துக்கொண்ட அரசியல் விதிகளில், வயதுவந்த எவரையும் அடிமையாக வைத்திருத்தல் ஆகாதென்பது ஒரு விதி. இத்தகைய மண்ணிலே தோன்றியவர் நம் ஐயர்.

அம்மண்ணின் சுயாதீன உணர்ச்சிக்கு வேர் யாதென ஆராய்வோமாயின், அது பெரும்பாலும் ஆலயத்தினுள்ளேயே காணப்படும். 1620-இல் பிளிமத் கரையில் இறங்கிய யாத்திரிகர், இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபைக்குக் கீழ்ப்படிய மனச்சாட்சி இடங்கொடாமையாற் கடல் கடந்தவர். அவர்தம் சபைகளில் மேற்றிராணியார் இலர். சபையார் ஒருங்கு கூடித் தம் குருவைத் தாமே தெரிந்துகொள்வர். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இவ்வாறு பழகியோர், திங்கட்கிழமை ஊர்மன்றத்திலும் அரசரின்றித் தம் காரியங்களைத் தாமே முடிக்கக் கற்றதில் வியப்பில்லை. ஆனால் உண்மையை மறைத்தல் தகாது. தமக்கென வேண்டிய உரிமையைப் பிறர்க்கு ஈய அவர்க்கு மனம் எளிதில் இசைந்திலது. அரசு மனச்சாட்சியில் தலையிடலாகாதென்று போதித்த ரோஜர் வில்லியம்ஸை மாசசூசெட்ஸ் தலைவர்கள் நாடு கடத்தினர். அவர் 1636-இல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை அமைத்து, எல்லா மதத்தினர்க்கும் அதனைத் திறந்து வைத்தார். அம்மாகாணத்திலோ, சபைப் போதகர்க்கென மக்களிடம் வரி தண்டும் வழக்கம் 1833 வரையும் ஒழிந்திலது. வின்ஸ்லோ ஐயர் வளர்ந்தது இத்திருச்சபையிலேயே. அதன் பெருமையும் குறையும் இரண்டும் அவர் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன.

பதினான்காம் வயதில் ஒரு கடையிற் கணக்கராய் அமர்ந்தார்; பின்னர்க் கனெக்டிகட் மாகாணத்து நார்விச் நகரிற் சொந்தமாக வாணிகம் நடத்தினார். இலாபம் வரும் தொழிலை விட்டு இறைபணி நாடி, மிடில்பரிக் கல்லூரியிலும் ஆண்டோவர் வேதசாஸ்திரக் கலாசாலையிலும் பயின்று, 1818-இற் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 8-ஆம் நாள், மனைவியார் ஹாரியட் அம்மையாருடன் பாஸ்டன் துறைமுகத்தில் இண்டஸ் என்னும் கப்பலேறினார். உடன் வந்தோருள் ஸ்கடர் வைத்தியரும் லீவை ஸ்பால்டிங் ஐயரும் இருந்தனர்.

அவர்கள் இந்தியா வாராது இலங்கை புகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. 1812-இற் கல்கத்தாவிற் கால்வைத்த அமெரிக்க மிஷனெரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வெளியேறுமாறு பணித்தனர். இங்கிலாந்தும் அமெரிக்காவும் போர்தொடங்கிய ஆண்டும் அதுவே. இலங்கையோ கம்பெனிக்குட்படாது நேரே முடிக்குட்பட்ட நாடாதலின், அங்கே 1816-இல் அமெரிக்க மிஷனுக்கு இடங்கிடைத்தது. அங்கும் தடை வராமலில்லை. 1820-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த ஜேம்ஸ் காரெட் என்னும் அச்சுத்தொழிலாளரை, உடனே நாட்டை விட்டகல அரசாங்கத்தார் கட்டளையிட்டனர். அவர் பம்பாய்க்குச் சென்றார். பத்தாண்டுகளுக்கு மேல் புதிய அமெரிக்க மிஷனெரிமார் எவரும் அங்கு வர இசைவு கிடைத்திலது. அச்சு, எழுத்துச் சுயாதீனத்தைத் தம் அரசியல் விதியிலேயே பொறித்துக்கொண்ட நாட்டினர், அச்சுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ள இயலாது அயலார் வாயிலில் நின்ற நிலை எண்ணுதற்குரியது. பிறர் ஆட்சியின்கீழ் வாழ்தல் யாதென அவர்களும் சிறிது அறிந்திருப்பர்.

ஐயர் உடுவிலில் அமர்ந்து தமிழ் பயின்றார். ஹாரியட் அம்மையார் 1824-இல் அங்கே பெண்களுக்கென விடுதிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். பெண் எழுதப் படிக்கக் கற்பது பழிக்கிடமென்று கருதிய காலம் அது. அப்பள்ளி ஆசியாவின் மிகப் பழைய மகளிர் விடுதிப் பள்ளிகளுள் ஒன்றாய் உடுவில் மகளிர் கல்லூரி என்னும் பெயருடன் இன்றும் நடைபெறுகின்றது. கல்விக்கென அமெரிக்கா அனுப்பிய மைந்தன் சார்ல்ஸ் 1832-இல் அங்கே இறந்தான்; 1833 ஜனவரியில் அம்மையாரும் உடுவிலிற் காலமானார். பதினான்கு ஆண்டு துணைநின்றவரை இழந்த ஐயர், அவர் சரிதையைத் தாமே எழுதி வெளியிட்டார். தாமோதரம் பிள்ளை பிறந்ததும் 1832-இலே. அவர்க்கு இடப்பட்ட ஞானஸ்நானப் பெயர் சார்ல்ஸ் வின்ஸ்லோ. பின்னர்ச் சைவராய், கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டினின்று மீட்ட அப்பெரும் பதிப்பாசிரியர், தம் ஆங்கிலக் கையொப்பத்தில் அவ்வெழுத்துக்களைத் தாங்கியே இருந்தார் என்பது தமிழ் மாணாக்கர்க்கு இன்பந்தரும் செய்தியாம்.

1836-இல் ஐயரும் ஸ்கடர் வைத்தியரும் சென்னை வந்து மிஷனொன்றை நிறுவினர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் மெட்காப் துரை இந்தியாவில் அச்சுக்கிருந்த தளைகளை நீக்கியிருந்தார். அந்நாளிற் சென்னைக்குத் துறைமுகம் இல்லை; கப்பல்கள் நெடுந்தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகேறி அலையோடு போராடியே யாவரும் கரை சேர்தல் வேண்டும். இராயபுரம் அப்போது மீனவர் குடிசைகளும் மணல்வெளியுமாய் இருந்தது; 1856-இல் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இருப்புப்பாதை அங்கிருந்து தொடங்கியதையும் ஐயர் தம் வாழ்நாளிற் கண்டார். அவ்வாண்டுகளிலேயே இராமலிங்க அடிகள் ஏழுகிணற்றுப் பகுதியினின்று திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்து சென்று வழிபட்டு வந்தார். ஒரே கடற்கரைச் சாலையில் இருவரும் எதிர்ப்பட்டனரோ, அறியோம்!

இனி, இச்சரிதையில் எமக்குப் பெரிதாகத் தோன்றும் செய்தியொன்றைக் கூறல் வேண்டும். வட்டுக்கோட்டையில் அமெரிக்கர் நிறுவிய செமினாரியில், தொடக்கத்தில் உயர்குல மாணவர் உணவுக்கென இந்துச் சமையற்காரரும் தனிச் சமையற்கூடமும் அமைக்கவேண்டியதாயிற்று. மாணவர் வாராரோ என்னும் அச்சமே காரணம். பின்னர் மனம் மாறினர். 1847-இல் மதுரை அமெரிக்க மிஷனார், சாதியை விட்டு ஒருங்கிருந்து உண்ண இசையாதவரைத் திருவிருந்திற் சேர்த்தல் ஆகாதெனத் தீர்மானித்தனர். இசையாத உபதேசிமார் பலர் விலக்கப்பட்டனர். கிறிஸ்துவின் பந்தியில் மேல் கீழ் இல்லை என்பது அவர் கொள்கை. அதனை யாம் மனமார ஒப்புகின்றோம்.

ஆயின் அதே காலத்தில் அவர்தம் தாயகத்தில் நிகழ்ந்ததென்ன? இவ்வெல்லா மிஷனெரிமாரையும் அனுப்பிய பாஸ்டன் சங்கம், அடிமை வைத்திருப்போர் தந்த காணிக்கையை மறுத்திலது. செவ்விந்தியர் நடுவே தான் நடத்திய சபைகளில் அடிமைக்குடையோர் அங்கத்தினராயிருத்தலையும் தடுத்திலது. இது பொறாத கிறிஸ்தவர்கள் 1846-இற் பிரிந்து, அமெரிக்க மிஷனெரிச் சங்கம் எனத் தனியே ஒன்று நிறுவினர். இன்னும் அருகில் நோக்கின், நம் ஐயரின் உடன்பிறந்த இளவல் ஹப்பர்ட் வின்ஸ்லோ பாஸ்டனிற் புகழ்பெற்ற போதகர். 1837 நவம்பரில், அடிமை முறையை எதிர்த்து எழுதிய லவ்ஜாய் என்னும் குருவானவரை ஆல்ட்டன் நகரில் ஒரு கும்பல் கொன்று அவர் அச்சியந்திரத்தையும் உடைத்தது. அம்மாதமே ஹப்பர்ட் ஐயர் செய்த பிரசங்கத்தில், ஒருவன் தன் மனம்போனவாறு பேசுதல் குடியரசின் சுயாதீனம் அன்று, பெரும்பான்மையோர் பொறுத்துக்கொள்வதைப் பேசுதலே சுயாதீனம் என்னும் கருத்துப்பட மொழிந்து, அடிமைமீட்பாளரின் கடுங்கண்டனத்துக்கு ஆளானார். பெரும்பான்மையோர் பொறுப்பதே அளவாயின், பிளிமத் யாத்திரிகர் ஊரைவிட்டே புறப்பட்டிருத்தல் வேண்டாமன்றோ? தமிழ்நாட்டுச் சபைகளிற் சாதியை ஒழிக்கத் துணிந்த கை, தன் வீட்டில் விலங்கு ஒடிக்கத் தயங்கியது. மறுபுறம், அத்தயக்கத்தைக் கண்டித்தோர் நாத்திகரல்லர். அவர்களும் அதே வேதத்தை ஏந்தியே எழுந்தவர்கள். அமெரிக்கரின் விடுதலைக்கு மதமே வேர் என்போரும், மதமே தடை என்போரும் இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் நன்று.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். பழைய தமிழ் வேதாகமத்திற் சுதந்தரம் என்னுஞ் சொல்லுக்கு, வழிவழி வந்த உரிமைச் சொத்து என்பது பொருள். சுதந்தரவாளி எனின் வாரிசுதாரன். இன்று அச்சொல்லாற் குறிக்கப்பெறும் நிலையைச் சுயாதீனம் என்றும் விடுதலை என்றும் வேதாகமத் தமிழ் வழங்கும். அமெரிக்கரிற் பலர்க்குத் தம் உரிமை, தந்தை மகற்குத் தரும் பழம்பொருளான சுதந்தரமாகவே இருந்தது; நீக்ரோ மக்களுக்கு வேண்டியிருந்ததோ விடுதலை.

ஐயரின் அழியாப் பணிக்கு வருவோம். தமிழ்-ஆங்கில அகராதியொன்றுக்கு வேண்டிய சொற்களை யாழ்ப்பாணத்திற் சேர்க்கத் தொடங்கியவர் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த ஜோசப் நைட் ஐயர். அவர் பணி முற்றுமுன் காலமாக, பிறர் சிலர் கைமாறி அப்பொறுப்பு வின்ஸ்லோ ஐயரிடம் வந்து தங்கியது. பள்ளி, பிரசங்கம், வேதாகமத் திருத்தம் என்னும் பணிகளுக்கிடையே இருபதாண்டுகளுக்கு மேல் அவர் உழைத்தார். இராமாநுச கவிராயர் முதலிய புலவர் பெருமக்கள் துணைசெய்தனர். அமெரிக்க மிஷன் அச்சகத்துத் தலைவராயிருந்த ஹண்ட் என்பார், தமிழ் எழுத்துக்களை முன்னையினும் சிறியனவாகவும் தெளிவாகவும் வார்ப்பித்தமையாலேயே அத்துணைப் பெரிய நூல் ஒரே புத்தகமாய் அடங்கிற்று. 1862-இல் வெளிவந்த அந்நூலிற் கண்ட சொற்கள் 67,452. செந்தமிழோடு கொடுந்தமிழையும், இலக்கியச் சொல்லோடு சந்தையிற் புழங்கும் சொல்லையும் ஒரே வரிசையில் அகரமுறைப்படி ஐயர் அமர்த்தினார். சோதிடம், வைத்தியம், புராணம், சைவ சித்தாந்தம் முதலியவற்றின் குறியீடுகளும் அதில் உள. பிறர் சமயத்துச் சொற்கள் என்று தள்ளாது அவற்றிற்கும் பொருள் வரைந்த நேர்மையை யாம் வியக்கின்றோம். திருத்திய வேதாகமமாய் 1850-இல் வெளிவந்த பதிப்பை, அவரும் உடனுழைத்திருந்தும், சபையார் பலர் ஏற்றிலர். அகராதியையோ எல்லாச் சமயத்தினரும் ஏற்றனர்.

அகராதி வெளிவந்த காலத்து அவர் தாயகம் இரு கூறாய்ப் பிரிந்து, அடிமை முறைபற்றிக் கொடும்போர் புரிந்துகொண்டிருந்தது. 1864-இல் நோயுற்ற ஐயர் ஊர் திரும்பக் கப்பலேறினார். பாஸ்டனை அவர் மீண்டுங் கண்டிலர். அக்டோபர் மாதம் 22-ஆம் நாள், தம் 74-ஆம் வயதில், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே உயிர்நீத்தார். ஹப்பர்ட் ஐயர் இறந்ததும் அவ்வாண்டே. அடிமை முறையை முற்றும் ஒழித்த அரசியல் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறிற்று. உடன்பிறந்தார் இருவரும் அதனைக் காணவில்லை.

சென்னை அமெரிக்க மிஷன் ஐயருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1866-இல் அது மூடப்பட, அச்சகம் கிறிஸ்தவ அறிவு விளக்கச் சங்கத்தார் கைக்கு மாறிற்று. பின்னர் 1913-இல், வின்ஸ்லோ அகராதியைத் திருத்தி விரிக்கும் நோக்கோடு ஒரு பெரும்பணி தொடங்கப்பெற்றது. அதற்கு முதற் பதிப்பாசிரியராய் அமர்ந்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் ஐயர். வையாபுரிப் பிள்ளையவர்கள் தலைமையில் 1936-இல் நிறைவெய்திய தமிழ் லெக்ஸிகன் அதுவே.