கர்னல் கோல்டும் ஈய அச்சும்

ரிவால்வர் என்றவுடன் சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கரின் பெயர் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அவர் விற்ற பெட்டிகளில் துப்பாக்கியோடு இடுக்கி போன்ற ஓர் ஈய அச்சும், வெடிமருந்துக் குடுவையும் வைக்கப்பட்டிருந்ததை அநேகர் அறியார். இவை இல்லாவிடில் அவ்வாயுதம் வெறும் இரும்பே. அவருடைய சாமர்த்தியத்தையும் அவர் செய்த பெரும் பிசகையும் இந்த அச்சைக்கொண்டே அளந்துவிடலாம் என்பது நம் அபிப்பிராயம்.

கோல்ட் 1814-ஆம் வருஷம் ஜூலை 19-ந் தேதி கனெக்டிகட் ராஜ்யத்தில் ஹார்ட்போர்ட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பும் நிலைக்கவில்லை. 1830-ல் கார்வோ என்ற கப்பலில் கல்கத்தாவுக்கு யாத்திரை செய்தார். அந்த யாத்திரையில்தான் சுழலும் துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினார். கப்பற் சக்கரம் சுழன்று நிற்பதைக் கண்டு யோசனை பிறந்ததென்பது கதை. சுழல் உருளையுள்ள பழைய தீக்கல் துப்பாக்கிகள் அக்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்திருந்தன. அவற்றை அவர் இங்கே கண்டிருக்கலாம் என்று சில சரித்திரக்காரர் சந்தேகிக்கின்றனர். அது எவ்வாறாயினும், நம் நாட்டு நகரத்தின் பெயரை அவர் எடுத்துச் சென்றது நிச்சயம். ஊர் திரும்பியபின், நியூயார்க், லண்டன், கல்கத்தா நகரங்களின் டாக்டர் என்று விளம்பரம் செய்துகொண்டு, சிரிப்பூட்டும் வாயுவை ஜனங்களுக்குக் காட்டிப் பணம் சேர்த்தார்! மாதிரித் துப்பாக்கிகள் செய்ய அப்பணம் உதவிற்று.

1836-ல் அமெரிக்காவில் பேடண்ட் உரிமை பெற்றார். பேட்டர்ஸனில் வைத்த தொழிற்சாலை 1842-ல் மூடப்பட்டது. மெக்ஸிகோ யுத்தத்தின்போது, 1847-ல், சர்க்கார் ஆயிரம் துப்பாக்கிகள் கேட்டதே அவரை மீண்டும் எழுப்பியது.

பின்னர் வந்தவற்றுள் 1849-ஆம் வருஷத்துச் சட்டைப்பை ரிவால்வர் மிகவும் பிரசித்தமானது. குழல் விட்டம் 0.31 அங்குலமே, மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. இதற்குக் குண்டு வார்ப்பது வீட்டு வேலை. ஈயத்தை அடுப்பில் உருக்கி அச்சில் வார்ப்பார்கள். அச்சு குளிர்ந்திருக்கும்போது முதலில் விழும் குண்டுகள் சுருங்கியிருக்கும். அவற்றை மீண்டும் உருக்குவார்கள். கலப்பில்லாத மெதுவான ஈயமே வேண்டும். உருளையின் ஒவ்வோர் அறையிலும் அளவாக மருந்தைக் கொட்டி, அறையைவிடச் சற்றே பெரிய குண்டை வைத்து, நெம்புகோலால் அழுத்துவார்கள். ஈயத்தின் ஓரம் மெல்லிய வளையமாகச் சீவப்பட்டு, குண்டு இறுக அமரும். சரியாக அமராவிடில் ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்கும் தாவிவிடும். அதற்காகக் குண்டின்மேல் கொழுப்புத் தடவுவதும் உண்டு. கொழுப்பு என்றதும் நேயர்களுக்கு 1857 நினைவுக்கு வரும். அது என்பீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டா. முன்வாயில் மருந்திடும் ஆயுதங்களுக்கு அக்காலத்தில் கொழுப்பின் துணை தேவையாயிருந்தது. கடைசியாகப் பின்புறத்தில் கேப்பு பொருத்தவேண்டும்.

கடைக்கு நூறு மைல் தூரத்தில் வசிப்பவனும் ஈயமும் மருந்தும் கேப்பும் இருந்தால் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோல்டின் வியாபாரம் ஓங்கியதற்கு இதுவும் ஒரு காரணமென்று நினைக்கிறோம்.

ஆனால் அந்த முறையிலேயே அவர் நின்றுவிட்டார். அவருடைய ஆலையில் வேலை செய்த ரோலின் வைட் என்பவர், உருளையை முழுதும் துளைத்துப் பின்புறமாகத் தோட்டா இடும் முறைக்கு 1855-ல் உரிமை பெற்றார். கோல்ட் அதை வேண்டாமென்று தள்ளியதாகச் சொல்வார்கள். ஸ்மித், வெஸ்ஸன் இருவரும் அவ்வுரிமையைப் பெற்று, 1857-ல் செப்புத் தோட்டா இடும் 0.22 அங்குல ரிவால்வரை வெளியிட்டனர். 1869 வரையில் கோல்ட் கம்பெனி அம்முறையைத் தன் இஷ்டப்படி கையாள இயலவில்லை.

அதைக் காண அவர் இருக்கவில்லை. உள்நாட்டு யுத்தம் மூளும் வரையில் தென் ராஜ்யங்களுக்கும், மூண்டபின் வடக்குச் சேனைக்கும் ஆயுதம் விற்றார். இதை நாம் பாராட்டுவதற்கில்லை. 1862 ஜனவரி 10-ந் தேதி, 47-ஆம் வயதில், பெருஞ் செல்வத்தை விட்டு இறந்தார்.

விளிம்பில் வெடிக்கும் அந்தச் செப்புத் தோட்டா ஒரு முறைக்கே உதவும். பின்னால் வந்த, நடுவில் கேப்பு வைக்கும் பித்தளைத் தோட்டாவையோ திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஆகவே ஈய அச்சுக்கு மீண்டும் வேலை வந்தது. அமெரிக்காவில் இன்றும் தம் ரிவால்வருக்குத் தாமே குண்டு வார்ப்பவர்கள் பலர். அவர்கள் பிடிக்கும் இடுக்கி, கோல்டின் பெட்டியில் இருந்ததற்கு அதிகம் மாறியதன்று.