உத்தியோகத்தை விட்டு வந்த ஓவியர்

மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளத்தை விட்டுவிட யாருக்கும் எளிதில் மனம் வராது. தந்தையை இழந்த குடும்பத்தைத் தாங்கி நிற்கும் சம்பளம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தும், 1936-ம் ஆண்டு ஓர் இளைஞர் தமது 25-வது வயதில் மறுபடியும் மாணவரானார். சென்னை கலைப் பள்ளியில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். பிற்காலத்தில் அந்தப் பள்ளிக்கே முதல்வராகி, தென்னாட்டின் நவீன ஓவியத்துக்கு வழி திறந்து வைத்த கே. சி. எஸ். பணிக்கர்தான் அந்த இளைஞர்.

கோவையில் பிறந்தவர்

பணிக்கர் மலையாளக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிறந்த ஊர் கோயம்புத்தூர், ஆண்டு 1911. சிறு வயதில் பொன்னானிக்குப் பக்கத்திலுள்ள வெளியங்கோடு கிராமத்தில் படித்தார். பச்சை வயல்களும், தென்னந்தோப்புகளும், தோணிகள் செல்லும் கால்வாய்களும் நிறைந்த பூமி அது. அந்தப் பசுமை பையனின் கண்ணில் ஒட்டிக்கொண்டது. பார்த்ததையெல்லாம் வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். இளம் வயதிலேயே சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிகளில் அவருடைய படங்கள் இடம் பெற்றன.

அந்த நேரத்தில் தந்தை காலமானார். குடும்பப் பொறுப்பு மகனின் தோளில் விழுந்தது. படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சர்க்கார் உத்தியோகம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றுதான் எந்தப் பெரியவரும் புத்தி சொல்லியிருப்பார்கள். பணிக்கரும் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் உத்தியோகம் போயிற்று, தூரிகை நின்றது.

கலைப் பள்ளியில்

அப்போது சென்னை கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர் இவரே. பணிக்கர் இவரிடம் பயின்று 1940-ல் தேர்ச்சி பெற்றார். அடுத்து அதே பள்ளியில் ஆசிரியரானார்.

1940-களில் அவர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் நல்ல பெயர் வாங்கித் தந்தன. கால்வாய், தென்னை, தோணி, வெயில் என்று பிள்ளைப் பருவத்தில் கண்ட காட்சிகளே அவற்றின் பொருள். பார்த்தவர்கள் ரசித்தார்கள். வேறொருவராக இருந்தால் ஆயுள் முழுவதும் அதையே வரைந்து காலத்தை ஓட்டியிருக்கலாம்.

பணிக்கருக்கு அது போதவில்லை. 1944-ல் ஒத்த எண்ணம் கொண்ட ஓவியர்களைச் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். இயற்கைக் காட்சிகளிலிருந்து மனித உருவங்களுக்குத் திரும்பினார். டச்சு ஓவியர் வான்கோவின் அழுத்தமான வண்ணமும், அஜந்தாச் சுவர்களின் கோடும் அவரை இழுத்தன. 1954-ல் லண்டன், பாரிஸ் நகரங்களுக்குச் சென்று, மேல்நாட்டு நவீன ஓவியங்களை நேரில் கண்டார்.

போய்ப் பார்த்து வந்த பலர் அங்கே கண்டதை இங்கே வரையத் தொடங்கினார்கள். பணிக்கருக்கோ அந்தப் பயணம் ஒரு கேள்வியைப் பெரிதாக்கியது. மேல்நாட்டார் தங்கள் மண்ணிலிருந்து தங்கள் ஓவியத்தைக் கண்டெடுத்துக்கொண்டார்கள். நம் மண்ணிலிருந்து நாம் எடுக்க வேண்டியது எது? பழைய சிற்பத்தையும் சுவர் ஓவியத்தையும் அப்படியே நகல் எடுப்பது பதிலாகாது. பாரிஸைப் பார்த்து வரைவதும் பதிலாகாது. பிறகு என்னதான் வரைவது?

கணக்கு நோட்டு காட்டிய வழி

இதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1957-ல் அவர் பள்ளியின் முதல்வராகிவிட்டார். பதவியும் பெயரும் வந்த பிறகும் தேடுவதை அவர் விடவில்லை. ஒவ்வொரு படமும் முந்தையதிலிருந்து ஓரடி தள்ளிப் போயிற்று.

1963-ல், அவருக்கு 52 வயது ஆனபோது, மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், அல்ஜீப்ரா குறிகள், நெருக்கமான வரிகள். பாடமாகப் படிக்காமல் வெறும் கோடுகளாகப் பார்த்தால் அந்தப் பக்கமே ஒரு படமாக இருந்தது. அன்று பிறந்ததுதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய புகழ் பெற்ற ஓவிய வரிசை.

அந்தப் படங்களில் மலையாள எழுத்துப் போல வரிகள் ஓடும். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. ஜாதகக் கட்டங்கள் இருக்கும். பூஜையில் வைக்கும் எந்திரத் தகடுகளை நினைவூட்டும் வடிவங்கள் இருக்கும். அவற்றுக்கிடையே எண்களும் சிறு சிறு உருவங்களும் இருக்கும். ஓலைச்சுவடியையும் பஞ்சாங்கத்தையும் வீட்டில் பார்த்து வளர்ந்த எவருக்கும், இது எங்கோ கண்டது போலிருக்கிறதே என்று தோன்றும். அதே சமயம் எந்தப் பழைய ஓவியத்தின் நகலும் அல்ல.

பல ஆண்டுகள் தேடிய பொருள் எந்தக் குகையிலும் இல்லை, எந்த அயல்நாட்டு அருங்காட்சியகத்திலும் இல்லை. கண் முன்னே நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதை அடையாளம் கண்டுகொள்ள, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் வரைந்து பழகிய கண் வேண்டியிருந்தது.

மாணவர்களின் வயிற்றுப்பாடு

தமக்கு வழி கிடைத்தாலும் பணிக்கரை இன்னொரு கவலை அரித்தது. திறமையான மாணவர்கள் ஆண்டுதோறும் படித்து வெளியேறினார்கள். படம் வாங்க ஆள் இல்லை. பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்தார்கள். நாளடைவில் வரைவதையே மறந்தார்கள். ஒரு காலத்தில் தாமே நின்ற இடம் அது என்பது அவருக்குத் தெரியாதா?

வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கை வேலையால் சாப்பாட்டுக்கு வழி தேடினார். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலையை இளம் கலைஞர்கள் செய்தார்கள். கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. பொருள்கள் விற்றன. அந்தப் பணத்தில், சென்னையிலிருந்து மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் அங்கே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று.

யாரோ கொடுத்த தானத்தில் எழுந்ததல்ல அந்தக் கிராமம். கலைஞர்கள் தங்கள் கையால் சம்பாதித்துக் கட்டியது. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, அது சோறு போடும். மீதி நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும், அதில் யாருக்கும் பணிய வேண்டியதில்லை. கடலோர மணலில் குடியேறிய அவர்கள் நிலைக்க மாட்டார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் கிராமம் நிலைத்தது.

1967-ல் பணிக்கர் முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓவியத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. 1976-ல் மத்திய லலித் கலா அகாதமி அவரைத் தன் ஃபெலோவாக்கிக் கௌரவித்தது. 1977 ஜனவரியில் 65-வது வயதில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஓவியக் கூடம் ஒன்று இருக்கிறது.

உத்தியோகத்தை விட்டதால் மட்டும் பணிக்கர் ஓவியராகிவிடவில்லை. உத்தியோகம் பார்த்த நாளிலும் வரைந்தார். பெயர் வந்த நாளிலும் தேடினார். வழி கிடைத்ததும் பின்னால் வருகிறவர்களின் பசியை நினைத்தார். லீவில் ஊருக்குப் போகிறவர்கள் சென்னையில் ஒரு நாள் தங்க நேர்ந்தால் ஈஞ்சம்பாக்கம் வரை போய் வரலாம். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் சேர்ந்த ஓர் இளைஞரின் பிடிவாதம் எதை உண்டாக்கியது என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.