மகனைக் கேட்ட தந்தை

நான் கரமனையில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியிலிருந்து நேரங்கழித்துத் திரும்பும் இரவுகளில் அப்பா திண்ணையில் விழித்திருப்பார். ஒரு சொல்லும் கேட்கமாட்டார். நான் உள்ளே சென்றபின் விளக்கை அணைப்பார். அப்போதெல்லாம் பேராசிரியர் ஈச்சரவாரியரை நினைத்துக்கொள்வேன்.

1921-இல் பிறந்த அவர் கோழிக்கோட்டு அரசுக் கல்லூரியில் இந்தி கற்பித்தவர். அவருடைய ஒரே மகன் ராஜன், அவ்வூர் மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவன், நன்றாகப் பாடுவான். நெருக்கடி நிலைக் காலம் அது. 1976 மார்ச் 1-ஆம் நாள் விடியற்காலை, நக்சலைட்டுகளைத் தேடி வந்த போலீசார் அவனைப் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டு சென்றனர். மகன் மீளவில்லை.

தந்தை முகாமுக்குப் போனார், உள்ளே விடவில்லை. திருவனந்தபுரம் வந்து உள்துறை அமைச்சர் கருணாகரனைக் கண்டார். மனுமேல் மனு எழுதினார். பயனில்லை. நீதிமன்றமேனும் உண்டா? நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு செல்லாதென்று அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது!

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியது. சில நாட்களிலேயே அவர் கேரள உயர்நீதிமன்றம் ஏறினார். ராஜனைப் பிடிக்கவேயில்லை என்று அரசு சாதித்தது. கண்டவர்கள் துணிந்து வந்து உண்மை உரைத்தனர். போலீசார் பிடித்தது மெய்யே. மகனைக் கொண்டுவந்து நிறுத்துக என்று நீதிமன்றம் ஆணையிட்டது. நிறுத்துவதற்கு மகன் ஏது? காவலில் இறந்துவிட்டான் என்பதை அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதற்குள் முதலமைச்சராகியிருந்த கருணாகரன் ஒரே மாதத்தில் பதவி விலகினார். மகன் உடலோ கிடைக்கவேயில்லை.

அதிகாரிகள் மீதான குற்ற வழக்கு கோவையில் நடந்தது. அங்கே கிடைத்த தண்டனையும் மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. இதைப் படித்தபோது நான் சோர்ந்துபோனேன், வாரியர் சோரவில்லை. குற்ற வழக்கில் ஐயத்திற்கு இடமில்லாத சான்று வேண்டும். நட்டஈட்டு வழக்கில் எப்பக்கம் உண்மை மிகுதி என்பதே கேள்வி. அந்த வழியிலும் அவர் சென்றார். கிடைத்த தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், எறணாகுளம் பொது மருத்துவமனையில் மகன் பெயரால் நோயாளிகளுக்கு ஒரு வார்டு அமைத்தார். 2006-இல் மறைந்தார்.

அதற்கு முந்திய ஆண்டுதான் எங்கள் நகரத்துக் கோட்டைப் போலீஸ் நிலையத்தில் ஓர் இளைஞர் அடியுண்டு இறந்தார். அவருடைய ஏழைத் தாயும் நீதிமன்றப் படிகளைப் பல்லாண்டுகள் ஏறி இறங்கினார். வாரியர் நடந்த வழி, பின்வந்தோர்க்கும் வழியாயிற்று.

நண்பர்களே, ராஜனும் நம்மைப் போல் விடுதியில் தங்கிப் பயின்றவனே. அவனைக் கண்டவர்கள் வாய் மூடியிருந்தால், அந்தத் தந்தை தனியே என்ன செய்திருப்பார்? நாளை நம் கண்முன் ஒருவன் அழைத்துச் செல்லப்பட்டால், நாளையும் நேரத்தையும் குறித்து வைப்போம். கேட்கும் இடத்தில் சொல்வோம். எங்கோ ஒரு திண்ணையில் அவனுக்காகவும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.