குழந்தைகளின் கவனத்தை வென்ற மாண்டிசோரி அம்மையார்

பிள்ளைகள் பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை என்பது ஆசிரியர்களும் பெற்றோரும் நெடுங்காலமாகக் கூறிவரும் குறையாகும். அக்குறை பிள்ளைகளிடம் உள்ளதா, கற்பிக்கும் முறையில் உள்ளதா என்று ஆராய்வதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்த இவர், பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, கைகளால் தொட்டுப் பழகும் கருவிகளைக் கொண்டு கற்பித்தார். அவர்களுள் சிலர் பொதுப்பள்ளித் தேர்விலும் தேறினர். ஊரார் வியந்தனர், அம்மையாரோ, நலமுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் ஏன் இந்த அளவிலேயே நிறுத்திவிடுகின்றன என்று கவலையுற்றார்.

1907 ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், குழந்தைகள் இல்லம் ஒன்றை அவர் தொடங்கினார். அங்குக் கண்ட ஒரு காட்சி அவர் கருத்துக்கு உரம் சேர்த்தது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு அளவுள்ள மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக் கொண்டிருந்தாள். ஏனைய பிள்ளைகள் சுற்றி வந்து பாடியும் அவள் நிமிரவில்லை. நாற்பது முறைக்கும் மேலாக அதனைச் செய்து முடித்து, களைப்பின்றி மகிழ்ச்சியுடன் எழுந்தாள்.

இதன் நுட்பம் எளியது. ஓர் உருளை தவறான குழியில் அமர்ந்தால், இறுதியில் ஒன்று இடமின்றி எஞ்சிவிடும். ஆசிரியர் கண்டிக்காமலே பிள்ளை தன் தவற்றைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும். வயதுக்கேற்ற வேலையைக் கையில் கொடுத்து, விரும்பியதைத் தேர்ந்தெடுக்க விட்டு, ஊன்றிச் செய்யும் வேளையில் குறுக்கிடாதிருந்தால், பரிசும் வேண்டா, பிரம்பும் வேண்டா என்று அம்மையார் கண்டார்.

சுயமாகச் சிந்திக்கும் பிள்ளைகளைச் சர்வாதிகாரம் விரும்புவதில்லை. முசோலினி ஆட்சியுடன் அம்மையார் முரண்பட்டதால், 1930களில் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, எதிரி நாட்டவர் என்ற முறையில் அவருடைய நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது. மகன் மாரியோ சிறைவைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். எனினும் பணி நிற்கவில்லை. கொடைக்கானலில் தங்கியிருந்த காலத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்விமுறையைத் தாயும் மகனுமாக வளர்த்தெடுத்தனர். 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் அம்மையார் மறைந்தார்.

பிள்ளை கவனிக்கவில்லை என்று கடிந்துகொள்ளுமுன், பிள்ளையை நாம் கவனித்தோமா என்று எண்ணிப் பார்ப்பது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் நலம் பயக்கும். அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.