பக்கத்து ஊரின் யாழ்

மாவடிப்பள்ளியிலிருந்து காரைதீவுக்குச் சைக்கிளில் போக அதிக நேரம் எடுக்காது. இடையில் வயல்தான். ஆனால் யுத்த காலத்தில் அந்தத் தூரம் எங்களுக்கு மிக நீண்டிருந்தது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பாடப்புத்தகத்தில் படித்தபோதுகூட, அவரைப் பக்கத்து ஊர்க்காரராக நான் நினைத்ததில்லை. பிற்காலத்தில் அவருடைய யாழ் நூலைப் பற்றி அறிந்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது.

1892ஆம் ஆண்டு பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையில் மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் சித்தியடைந்தார். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவியானார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழில் விஞ்ஞானக் கலைச்சொற்களை உருவாக்கும் பணியிலும் முன்னின்றார்.

இத்தனைக்கும் நடுவே அவர் தேடியது வழக்கொழிந்த ஒரு வாத்தியத்தை. யாழ் எப்படி இருந்தது, எப்படிச் சுருதி சேர்த்தார்கள் என்பதைச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. சொற்கள் மட்டும் எஞ்சியிருந்தன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் பழைய உரைகளையும் எடுத்துக்கொண்டு, கணிதமும் பௌதிகமும் தெரிந்தவராக அவற்றின் பொருளைக் கணக்கிட்டார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன.

அந்தச் சொற்களில் சில எனக்கு வியப்பளித்தன. ஒரு நரம்பிலிருந்து எண்ணிவந்தால் ஐந்தாம் நரம்பு அதற்குக் கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. கிளை என்றால் உறவு. தாய்வழியில் குடி பார்க்கும் வழக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ள எங்கள் கரையில் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் இதே கேள்வி எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் பலஸ்திரீனா போன்றவர்கள், பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளில் செல்லும் தேவாலய இசையை அமைத்தார்கள். எந்தச் சுரம் எதனோடு ஒலித்தால் இனிக்கும் என்று பார்த்தே அதை எழுத வேண்டியிருந்தது. முந்திய நூற்றாண்டுகளில் பலர் இணங்காது என்று ஒதுக்கிய மூன்றாம் சுரம், அந்தக் காலத்தில் இனிமையானதாக ஏற்கப்பட்டிருந்தது. காது பழகப் பழக உறவின் கணக்கும் மாறுகிறது.

1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அவருடைய ஆய்வின்படி செய்த யாழ்களும் அங்கே இசைக்கப்பட்டன. நோயுற்றிருந்த அடிகளார் ஜூலை 19இல் கொழும்பில் காலமானார். மட்டக்களப்பு கல்லடியில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்தின் வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

பகை நரம்பு என்று பெயர் இருந்தாலும் அதை யாரும் யாழிலிருந்து அறுத்து எறிவதில்லை. ஏழு நரம்பும் இருந்தால்தான் அது பாலை. எந்த நரம்பை எதற்குப் பிறகு தொடுவது என்பதை அறிவதே வாசிப்பவரின் வேலை. யுத்தம் எங்கள் இரண்டு ஊர்களுக்கும் ஒரு சொல்லை மட்டும் அதிகமாகப் பழக்கிவிட்டது. மற்ற இரண்டு சொற்களும் அந்த வயலுக்கு அப்பால் பிறந்த ஒருவர் மீட்டுத் தந்த நூலில் இருக்கின்றன.