கண்டு கற்ற பெருமகன்

கல்வி என்பது கற்பிப்போன் வாயிலே தொடங்குவதா, கற்போன் கண்ணிலே தொடங்குவதா என்னும் வினா ஆசிரியத் தொழில் பூண்ட எம்மனோரை என்றும் விட்டகலாதது. நன்னூலார் மாணாக்கரை வகுத்தவிடத்து, பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னத்தைத் தலைமாணாக்கர்க்கும், சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்லும் கிளியை இடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். ஏட்டுக் கல்விக்கே இவ்வகுப்புப் பொருந்தும் என்று எண்ணுதல் வேண்டா. கையாலும் காலாலும் பயிலும் விளையாட்டுக் கல்விக்கும் அது பொருந்தும் என்பதற்கு, அமெரிக்க நாட்டிலே வாழ்ந்து புகழெய்திய பொபி ஜோன்ஸ் என்பாரின் வரலாறு சான்று பகர்கின்றது.

நுவரெலியாவுக்குச் சென்றோர் ஆங்குள்ள கோல்ப் திடலைக் கண்டிருப்பர். சிறியதொரு வெண்பந்தை நீண்ட மட்டையால் அடித்து, நெடுந்தொலைவிலுள்ள குழியிலே இயன்றவரை குறைந்த அடிகளில் வீழ்த்துவதே அவ்விளையாட்டு. பார்ப்பார்க்கு அது எளிது. பயிலப் புகுந்தார்க்கோ மிக அரிது. பந்து அசையாது கிடக்கின்றது. எதிரி எவனும் இடைநின்று தடுப்பதில்லை. ஆதலால் அடி பிழைத்தால் பழி முழுவதும் அடித்தவனையே சாரும். முதற் சில பாடங்களிலேயே மனஞ் சலித்து மட்டையைக் கைவிடுவோர் பலராதற்குக் காரணம் இதுவே.

றொபேட் ரயர் ஜோன்ஸ் என்னும் முழுப்பெயருடைய பொபி, 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி, ஜோர்ஜியா மாநிலத்து அற்லான்ரா நகரிலே வழக்கறிஞர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். இளமையிலே அவர் நோயாளிக் குழந்தை. சாதாரண உணவும் வயிற்றில் தங்காமையால் பெற்றோர் பெரிதும் வருந்தினர். நல்ல காற்றை நாடி அவர்கள் கோடை காலத்தில் ஈஸ்ற் லேக் என்னும் கோல்ப் திடலின் அயலிலே குடியிருந்தமை மைந்தனுக்கு உடல்நலத்தோடு வாழ்க்கைத் துறையையும் ஒருங்கே அளித்தது.

அத்திடலுக்கு ஆசிரியராய் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தவர் ஸ்ருவேட் மெயிடன் என்பவர். கோல்ப் விளையாட்டுக்குப் பேர்போன கார்னூஸ்ரி என்னும் கடற்கரையூர் அவர் பிறப்பிடம். சொல்லை அளந்து பேசுபவர். சிறுவன் பொபிக்கு முறையாக உட்கார்த்திப் பாடஞ் சொன்னாருமல்லர். அவர் ஆடச் செல்லுங்கால் சிறுவன் பின்னே சென்றான், நின்றவிடத்து நின்றான், கண்ணிமையாது பார்த்தான். வீட்டுக்கு மீண்டதும் அவர் நின்ற நிலையையும் மட்டையை ஓங்கிய வகையையும் தானே ஆடிப் பார்த்தான். பிறர் நடையையும் பாவனையையும் அப்படியே நடித்துக் காட்டி வீட்டாரை நகைப்பிக்கும் ஆற்றல் அவனுக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. அந்த நகைவிளையாட்டே அவனுக்குக் கல்வியாயிற்று.

ஈண்டு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. புதிதாகப் பயில்வோன் கை எவ்வாறு, தோள் எவ்வாறு, கால் எவ்வாறு என்று பகுதி பகுதியாக ஆராயப் புகின், மட்டையை ஓங்கும் கணத்திலே பத்து விதிகள் மனத்தில் மோதி உடலைக் கட்டிவிடும். சிறுவனோ பகுதிகளைக் காணவில்லை. ஆசிரியரின் வீச்சு முழுவதையும் ஒரே ஓட்டமாகக் கண்டான். பின்னாளில் தமது ஆட்டம் குலைந்தபோதெல்லாம் ஜோன்ஸ் மெயிடனையே நாடினார். அவரும் விரிவுரை நிகழ்த்தாது, நிற்கும் நிலையிலே சிறிதொரு திருத்தஞ் செய்து, அடி என்று விட்டுவிடுவதே வழக்கம். ஒருவேளைக்கு ஒரு திருத்தம் போதும் என்பதை அவ்விருவரும் அறிந்திருந்தனர்.

ஆறு வயதில் அயற்சிறார் ஆடிய சிறு போட்டியொன்றில் பொபிக்கு ஒரு சிறு கிண்ணம் கிடைத்தது. ஆயினும், உண்மையில் வென்றவள் தன் விளையாட்டுத் தோழி அலெக்சா ஸ்ரேர்லிங் என்றே அவர் இறுதிவரை நம்பினார். மெயிடனிடமே பயின்ற அப்பெண்மணி பின்னர் 1916, 1919, 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மகளிர் போட்டியில் முதன்மை பெற்றார் என்பது அறியத்தக்கது.

பதினான்காம் வயதில், 1916இல், ஊதியம் பெறாது ஆடுவோர்க்குரிய அமெரிக்க தேசியப் போட்டியிலே ஜோன்ஸ் கலந்துகொண்டார். கையில் திறமை நிரம்பியிருந்தது. நெஞ்சிலே பொறுமை நிரம்பவில்லை. அடி பிழைத்தால் மட்டையை வீசியெறிவார். இக்குற்றம் 1921இல் ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் திடலிலே நடந்த பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் உச்சமடைந்தது. மூன்றாஞ் சுற்றில் ஆட்டம் சீர்கெட, பதினோராங் குழியருகே மணற்பள்ளத்தில் பந்து சிக்கிக்கொள்ள, அவர் சினம் மீதூர்ந்து பந்தைக் கையிலெடுத்து ஆட்டத்தை இடையிலேயே முறித்தார். அச்செயலை எண்ணி அவர் நெடுங்காலம் நாணினார். கண்ணாற் கற்றவர் இனி மனத்தாற் கற்க வேண்டியிருந்தது. 1916 முதல் ஏழாண்டுகள் பெரும்போட்டி எதிலும் வெற்றி கிட்டாமைக்கு அடக்கமின்மையே தலையாய காரணம் எனலாம். ஆசிரியர் கற்பிக்க முடியாத பாடம் அது ஒன்றே.

1923இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் வென்றபின் அவர் புதிய மனிதரானார். 1925இல் அதே போட்டியில் நெடும்புல்லிடையே கிடந்த பந்தை அடிக்க மட்டையை வைத்தபோது பந்து இம்மியளவு அசைந்தது. கண்டார் பிறர் எவருமிலர். நடுவர்களும் தீர்ப்பை அவரிடமே விட்டனர். அவரோ தண்டமாக ஓரடியைத் தம் கணக்கிலே தாமே சேர்த்துக்கொண்டார். அவ்வோரடி இல்லையாயின் வெற்றி அவருடையது. அதனாற் சமநிலை நேர்ந்தது. சமநிலை தீர்க்க ஆடிய ஆட்டமும் சமநிலையிலே முடிய, மீண்டும் ஆடி ஓரடியால் தோற்றார். பிறர் அதனைப் புகழ்ந்தபோது, விதிப்படி நடத்தல் புகழ்தற்குரிய செயலன்று எனக் கருதி அப்புகழை அவர் ஏற்கவில்லை.

இடையிலே அவர் ஏட்டுக் கல்வியையும் கைவிட்டாரல்லர். ஜோர்ஜியாவிலே பொறியியலும், ஹார்வர்ட்டிலே ஆங்கில இலக்கியமும் கற்றுப் பட்டம் பெற்று, பின் சட்டமும் பயின்று வழக்கறிஞரானார். போட்டிகளில் பரிசுப்பணம் பெறாமலே ஆடினார். 1930ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் இரு பெரும்போட்டிகளையும் அமெரிக்காவின் இரு பெரும்போட்டிகளையும் ஒருசேர வென்றார். 1923 முதல் எட்டாண்டுகளில் அவர் வென்ற பெரும்போட்டிகள் 13. அவ்வாண்டு நவம்பரிலே, இருபத்தெட்டாம் வயதில், போட்டி ஆட்டத்துக்கு விடை கூறினார்.

கற்றவர் பின்பு கற்பித்தவரானார். 1931இல் வார்ணர் சகோதரர் நிறுவனத்துக்காகப் பன்னிரண்டு குறும்படங்களில் தோன்றிக் கோல்ப் கற்பித்தார். திரைப்பட நடிகர்கள் மாணாக்கராய் வந்து கூலி பெறாமலே நடித்தனர். அப்படங்களின் வைப்புமுறை நோக்கத்தக்கது. முதற்படம் நெடுந்தூர அடியைப் பற்றியதன்று. குழியருகே பந்தை மெல்ல உருட்டும் சிறு மட்டையைப் பற்றியது. அடுத்தது சற்றே எழுப்பி விடும் குற்றடி. படிப்படியாக ஏறி, ஒன்பதாம் படத்திலேதான் பெருமட்டை வருகின்றது. மாணாக்கர் ஆவலோடு முதலில் எடுப்பதோ அப்பெருமட்டையே. அகரத்தை விட்டுக் காவியத்தைத் தொடுவார் போன்றது அது. சிறிய அசைவிலே கை பழகினால் பெரிய வீச்சு அதன்வழி வளரும் என்பதே அம்முறையின் உட்பொருள்.

பின்னர் அலிஸ்டர் மக்கென்சி என்னும் திடலமைப்பாளரோடு கூடி ஒகஸ்ரா நகரிலே புதுத் திடல் ஒன்றை அமைத்தார். 1934இல் ஆங்குத் தொடங்கிய போட்டி இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது.

விதி அவரை வேறு வகையிலும் சோதித்தது. முள்ளந்தண்டு நரம்பை அரிக்கும் கொடுநோய் ஒன்று பற்ற, 1948க்குப்பின் அவர் மட்டையைத் தொடவியலாதவரானார். ஊன்றுகோலும் பின்னர்ச் சக்கர நாற்காலியும் துணையாயின. முன்னர் ஓரடி பிழைத்ததற்கே மட்டையை எறிந்தவர், இப்பெருந்துன்பத்தைக் குறைகூறாது தாங்கினார். 1958இல், அவர் முன்பு சினந்து ஆட்டத்தை முறித்த அதே சென் அன்ட்றூஸ் நகரம் அவரை அழைத்து நகரக் குடியுரிமையளித்துப் பெருமைப்படுத்திற்று. அவருக்கு முன் அச்சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் 1759இல் பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவரே. 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி பொபி ஜோன்ஸ் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

புதிதாக எக்கலை பயிலப் புகுவோரும் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கன உள. வாய்திறந்து வினவுமுன் கண்திறந்து காண்க. பகுதியைப் பற்றுமுன் முழுமையை நெஞ்சிற் பதிக்க. ஒருநாளில் ஒரு பிழையையே திருத்துக. சிறியதிலே தொடங்குக. பிழைத்தவழிச் சினவற்க. ஜோன்ஸ் மெயிடனைக் கண்டவாறே நடித்துத் தொடங்கினார். அந்நிலையில் அவர் கிளியே. தம் குற்றத்தைத் தாமே கண்டு பிரித்தெறிந்த அன்று அவர் அன்னமாயினார். நம் வகுப்பறைகளிலும் கிளிகளுக்குக் குறைவில்லை. அவற்றை அன்னங்களாக்கும் பொறுமை ஆசிரியராகிய நம்மிடத்தும் உண்டா என்பதே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.